அண்ணிக்கு நான் வாங்கிக் கொடுத்த பாடல்கள்

மலேசியாவின் தங்காக் ஊரில் அண்ணி வேலை செய்த ஜவுளிக்கடையின் பழைய ரசீது அது. அதன் பின்பக்கத்தில் அடிக்கோல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்திருந்தார். கோட்டுக்கு ஒரு பக்கம் ‘பெரிய கடை’, மறுபக்கம் ‘சின்னக் கடை’ என்று தலைப்பு. இணையத்தில் பாட்டு விற்கும் இரண்டு கடைகள் அவை. ஓரத்தில் கேள்விகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பாட்டு நம்மிடமே இருக்குமா? கடையை மூடிவிட்டால் என்ன ஆகும்? வேறு போனுக்கு மாற்ற முடியுமா? சத்தம் எதில் தெளிவு? எங்கள் குழுப் பாட்டு எதில் நன்றாக இருக்கிறது? கேள்விகளுக்கு எதிரே இருந்த கட்டங்கள் வெறுமையாக இருந்தன. “இதை நீங்க நிரப்பிக் கொடுங்க தம்பி, பார்த்துட்டு எதுல வாங்குறதுன்னு நான் முடிவு பண்றேன்” என்று சொல்லி என் கையில் கொடுத்தார். அந்தக் கட்டங்களில் ஒன்றைக்கூட நான் நிரப்பவில்லை.

அவர் என் அண்ணனின் மனைவி. அண்ணன் தங்காக்கில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். நான் ஜொகூர் பாருவை ஒட்டிய ஸ்கூடாயில், பல்கலைக்கழக மாணவர்கள் குடியிருக்கும் தாமான் வீடுகளுக்குக் கீழே, கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் திரை உள்ள எந்தப் பொருளுக்கு நோய் வந்தாலும் என்னிடம்தான் வரும். அத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் படம் வரவில்லை என்றாலும், யாருடைய கடவுச்சொல் மறந்துபோனாலும், “சின்னவன்கிட்ட கேளு” என்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் என்னிடமிருந்து போனதற்கும் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் பழக்கம் வந்ததற்கும் அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

அண்ணிக்குக் காது மங்கத் தொடங்கியது அவருடைய முப்பத்தாறாவது வயதில். அதை முதலில் அவருக்குச் சொன்னது கடைக் கத்தரிக்கோல். துணியை மேசைமீது விரித்து, கத்தரியைப் பாதி திறந்து ஒரே இழுப்பில் ஓட்டும்போது ‘சர்’ என்று ஒரு சத்தம் எழுமல்லவா, அது ஒருநாள் வரவில்லையாம். கத்தரி மழுங்கிவிட்டது என்று தவுக்கேயிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்தச் சீன முதலாளி புதுக் கத்தரி வாங்கிக் கொடுத்தார். அதுவும் சத்தமில்லாமல்தான் வெட்டியது. பக்கத்து மேசையில் இருந்த மலாய்க்காரப் பெண் அதை வாங்கி வெட்டிப் பார்த்துவிட்டு, நல்ல சத்தம் வருகிறதே என்று சொன்னபோதுதான் அண்ணிக்குப் புரிந்தது. இதை எங்களிடம் ஒரு வேடிக்கைக் கதையைப்போலச் சொன்னார். சொல்லி முடித்ததும் அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

ஜொகூர் பாருவில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வரும்போதெல்லாம் என் வீட்டில்தான் தங்குவார். இரண்டு காதிலும் நரம்பு தேய்கிறது, மேல் ஸ்தாயிச் சத்தங்கள் முதலில் போகும், மற்றவை பிறகு போகும், எத்தனை வருடத்தில் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். காதில் வைக்கும் கருவி கொஞ்ச காலத்துக்குப் பேச்சைக் கேட்க உதவும். பாட்டைப் பற்றிக் கேட்டபோது, இப்போதே நிறையக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வரும் வழியில் ஸ்கூடாய் நெரிசலில் கார் நின்றுகொண்டிருந்தது. அண்ணி கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பாடல்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார். நாற்பதுக்கும் மேல் இருந்தன. மாதக் கட்டணம் கட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் கேட்கலாமே என்று நான் சொன்னேன். “அது வாடகை வீடு மாதிரி தம்பி. கட்டுறவரைக்கும்தான். எனக்குச் சொந்தமா வேணும். இருக்கிற காது இருக்கிறவரைக்கும், என் பாட்டு என்கிட்ட இருக்கணும்” என்றார்.

அந்தப் பட்டியலில் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு முறை அடிக்கோடிட்டு ஒன்று இருந்தது. திருமணத்துக்கு முன்பு அண்ணி தங்காக் பக்கத்து எஸ்டேட்டில் இருந்தவர். அங்கே கோயில் பஜனைக் குழுவில் ஏழு பெண்கள் பாடினார்கள். தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் முருகன் மீது பாட்டெழுதி, மெட்டும் போட்டு, அவர்களை ஒரு வேனில் ஏற்றி ஜொகூர் பாருவுக்குக் கூட்டிவந்து, தானும் கூடப் பாடி ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்திருக்கிறார். தைப்பூசத்தின்போது கோயில் வாசலில் மேசை போட்டு அந்தக் கேசட்டை விற்றார்களாம். அண்ணியிடம் இருந்த கேசட்டை டேப் ரிக்கார்டர் மென்று தின்றுவிட்டது. பிறகு எஸ்டேட் விற்கப்பட்டு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். வாத்தியாரின் மகன் அந்தப் பாடல்களை இணையக் கடைகளில் ஏற்றியிருக்கிறார் என்று பழைய தோழி ஒருத்தி சொல்லித்தான் அண்ணிக்கு இந்தக் கடைகளைப் பற்றியே தெரியும். தன் குரலைத் தன் காதால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. இதை அவர் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை. “நான் எங்க பாடுறேன்னு எனக்குத் தெரியும். கேட்டாக் கண்டுபிடிச்சிடுவேன்” என்று மட்டும் சொன்னார்.

துணி வாங்க வருகிறவர்களைப் பதினைந்து வருடம் பார்த்தவர் அவர். அதனால் இந்த இரண்டு கடைகளையும் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளெல்லாம் ஜவுளிக்கடைக் கேள்விகளாகவே இருந்தன. முழு ஆல்பமும் எடுக்கணுமா, வேண்டியதை மட்டும் வெட்டிக் கொடுப்பாங்களா? எடுத்த பிறகு பிடிக்கலைன்னா மாத்திக்கலாமா? ஒரே துணி ரெண்டு கடையில இருந்தா நூல் ஒண்ணாத்தான் இருக்குமா? நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “ஒரே பேர்ல ரெண்டு தரம் வரும் தம்பி. தொட்டுப் பார்த்தாத்தான் தெரியும். இதை எப்படித் தொட்டுப் பார்க்கிறது, நீங்கதான் சொல்லணும்” என்றார். இரண்டிலும் மாதிரிக்கு அரை நிமிடம் கேட்கலாம், நான் கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பெரிய கடையில் எனக்கு ஏற்கெனவே கணக்கு இருந்தது. கடவுச்சொல்லைப் போட்டு ஒரு பொத்தானைத் தொட்டால் பாட்டு வந்துவிடும். ஆனால் அது என் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். சின்னக் கடை வெளிநாட்டில் யாரோ சிலர் நடத்தியது. அங்கே வாங்கினால் பாட்டுக் கோப்பே நம் கைக்கு வரும், எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் புதிதாகப் பதிந்து, கோப்புகளைக் கணினியில் இறக்கி, ஒவ்வொன்றாகப் பெயர் திருத்தி, கம்பி போட்டு அண்ணியின் போனுக்கு மாற்ற வேண்டும். ஒரு மத்தியான வேலை. அன்று ஞாயிற்றுக்கிழமை. நண்பர்கள் பந்து விளையாடக் கூப்பிட்டிருந்தார்கள். நான் சின்னக் கடையின் பக்கத்தைத் திறந்தேன், பதிவுப் படிவத்தைப் பார்த்தேன், மூடினேன். மாதிரியைக் கேட்கவே இல்லை. பெரிய கடையில் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் வாங்கி, அண்ணியின் போனில் என் கணக்கைப் போட்டுவிட்டு, காலுறை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மாலையில் அண்ணி கேட்டார். “ரெண்டையும் கேட்டுப் பார்த்தீங்களா தம்பி?”

“பார்த்தேன் அண்ணி. ரெண்டும் ஒண்ணுதான். ஒரு வித்தியாசமும் இல்ல லா.”

“குழுப் பாட்டும்?”

“அதுவும்தான்.”

அவர் தலையாட்டினார். என் சொல்லுக்குமேல் அவருக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. ரசீதைத் திருப்பிக் கேட்கக்கூட இல்லை.

மூன்று மாதம் கழித்து அடுத்த சோதனைக்கு வந்தார். காலையில் என் வீட்டுச் சமையலறையில் நாற்காலியைச் சன்னலோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு காதிலும் காதொலிப்பானை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. நெற்றி சுருங்கியிருந்தது. பாட்டுக் கேட்கிறவரின் முகமாக அது இல்லை. கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளையைத் தேடுகிறவரின் முகமாக இருந்தது. பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார். நான் தேத்தண்ணி கலக்கி அவர் முன்னால் வைத்தபோது கண்ணைத் திறந்தார்.

“எல்லாம் சேர்ந்து ஒரே புகை மாதிரி கேட்குது. இதுல நான் எங்க இருக்கேன்னே தெரியல. வாத்தியார் குரல் மட்டும் கொஞ்சம் கேட்குது. நாங்க ஏழு பேரும் எங்கன்னே தெரியல” என்றார். பிறகு, “மத்த பாட்டெல்லாம் பழகினது, காதுல விழாட்டியும் மனசே நிரப்பிக்குது. டாக்டர் சொன்னதைவிடச் சீக்கிரமே போயிடுச்சு போல தம்பி” என்றார். காதொலிப்பானின் கம்பியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி குளிக்கப் போனபின், அந்தப் போனை எடுத்து நானே கேட்டேன். என் காதுக்கு ஒரு குறையும் கிடையாது. எனக்கும் புகை மாதிரிதான் கேட்டது. பிறகு கணினியைத் திறந்து, மூன்று மாதத்துக்கு முன் மூடிய அந்தப் பக்கத்துக்குப் போய், சின்னக் கடையின் மாதிரியைத் தட்டினேன். அரை நிமிடம். ஏழு பெண்கள் ஏழு பேராக என் சமையலறையில் வந்து நின்றார்கள். ஒருத்தி கொஞ்சம் மூக்கால் பாடினாள், ஒருத்தியின் குரல் தடித்திருந்தது. பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. வாத்தியாரின் மகன் எழுதியது. முன்பு வேறு கடையில் ஏற்றியது தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்தது, பிறகு மூல ஒலிநாடா கிடைத்தது, இது அதிலிருந்து எடுத்தது, இந்தக் கடையில் மட்டும் போட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். படிக்க அரை நிமிடம்கூட ஆகாத குறிப்பு.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வெளியே வருவதற்குள் அந்தப் பாட்டை வாங்கியிருக்கலாம். வாங்கிக் காதில் வைத்திருந்தால் அவர் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்று கேட்பார். அப்போது, நான் கேட்டுப் பார்க்கவே இல்லை, பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டிவரும். அடுத்தமுறை வரும்போது ஏதாவது காரணம் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எப்படியும் அவருக்குக் காது மங்கத்தானே செய்கிறது, பெரிய வித்தியாசம் தெரியாது என்றும் நினைத்தேன். இந்த இரண்டாவது நினைப்பை எழுதாமல் விட்டுவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். அண்ணி தலை துவட்டிக்கொண்டு வந்தபோது கணினியை மூடியிருந்தேன். அன்று மருத்துவமனையில், பாட்டு கேட்பதே நின்றுவிட்டது என்று மருத்துவரிடம் அவர் தானாகவே சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தமுறை வந்தார். அதற்கடுத்த முறையும் வந்தார். நான் கொடுக்கவில்லை.

அந்த ஆண்டின் கடைசியில் எனக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. கெலாங் பாத்தா வழியாக இரண்டாம் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் போய்வர வேண்டும். அங்கே வங்கிக்கும் போக்குவரத்துக்கும் தேவையான செயலிகள் சிங்கப்பூர்க் கடையில் மட்டும்தான் கிடைத்தன. பெரிய கடையில் இருக்கும் என் கணக்கின் நாட்டை மாற்றினால் போதும் என்றார்கள் வேலையிடத்தில். பாலத்துச் சோதனைச்சாவடி வரிசையில் நின்றுகொண்டே மாற்றினேன். மாற்றுவதற்கு முன் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. பழைய நாட்டில் வாங்கியவை இனிக் கிடைக்காமல் போகலாம் என்றது. அதை நான் படித்தேன். பெரும்பாலும் எவரும் படிக்காத அந்த வரிகளை அன்று நான் முழுதாகப் படித்தேன். அண்ணியின் நாற்பது பாட்டும் நினைவுக்கு வந்தன. முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்தார். சம்மதம் என்பதைத் தொட்டேன்.

நான்கைந்து நாளில் அண்ணி போன் செய்தார். அப்போது அவருக்குப் போனில் பேச்சு நன்றாகவே கேட்டது.

“தம்பி, ரொம்ப நாள் கழிச்சுத் திறந்தேன், பாட்டுப் பேரெல்லாம் சாம்பல் கலராகிடுச்சு. தொட்டா ஓட மாட்டேங்குது.”

வேலையிடத்தில் இருந்தேன், எரிச்சலாக இருந்தேன் என்றெல்லாம் சொல்லலாம். உண்மை என்னவென்றால் பயந்துபோனேன். பயம் வந்தால் என் குரல் உயர்ந்துவிடும். “நீங்க எதையாச்சும் அமுக்கியிருப்பீங்க அண்ணி. சும்மா எதையாவது அமுக்கினா அப்படித்தான் ஆகும். அழிஞ்சதை எல்லாம் திரும்ப எடுக்க முடியாது” என்றேன்.

“ஆமா, நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல. நீங்க அவ்வளவு சிரமப்பட்டு வாங்கிக் கொடுத்ததை இப்படிப் பண்ணிட்டேனே, மன்னிச்சுக்குங்க தம்பி” என்றார். பரவாயில்லை என்றேன் நான். அவர் கேட்ட மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

பிறகு அண்ணி பாட்டைப் பற்றிப் பேசியதில்லை. வருடங்கள் போயின. நான் கலியாணம் செய்துகொண்டேன், கார் வாங்கினேன், குடும்பத்தில் கணினி விஷயங்களுக்கு இன்னும் என்னைத்தான் கேட்டார்கள். அண்ணியின் காது மெல்ல மெல்ல முழுதாகவே அடங்கியது. கடையில் வாடிக்கையாளர்களைப் பார்க்கும் மேசையிலிருந்து உள்ளறையில் ரவிக்கை வெட்டும் மேசைக்கு மாறினார். தவுக்கே நல்லவர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினார். தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது யாராவது பாட்டுப் போட்டால், அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவேன்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அண்ணன் மகள் படிப்புக்காக ஸ்கூடாய்க்கு வந்தாள். வார இறுதியில் எங்கள் வீட்டில் சாப்பிடுவாள். ஒருநாள் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அம்மா முன்னாடியெல்லாம் வேலை செய்யும்போது பாடிக்கிட்டே இருப்பாங்க சித்தப்பா. நீங்க வாங்கிக் கொடுத்த அந்தக் கோயில் பாட்டைக் கேட்ட பிறகுதான் விட்டாங்க. இனிமே பாட்டு என் காதுக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எல்லார்கிட்டயும் போன்ல நல்லாத்தான் பேசினாங்க. எனக்கு அதுதான் புரியவே இல்ல.” அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கழுவுதொட்டிக்குப் போனேன். இரண்டு வருடம். என் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள நான் எடுத்துக்கொண்டது அதுதான் என்று அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. அவருக்குக் காது போனதற்கு நான் பொறுப்பல்ல. இருந்த காதையும் இல்லை என்று நம்பவைத்ததற்கு நான் மட்டும்தான் பொறுப்பு.

சின்னக் கடையைத் தேடினேன். அது மூடப்பட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. ரசீதில் அண்ணி எழுதியிருந்த கேள்விக்கு இதுதான் பதில். கடை மூடினாலும், அன்றைக்கு அங்கே வாங்கியவர்களிடம் பாட்டு இருக்கும். வாத்தியாரின் மகனை அலைந்து கண்டுபிடித்தேன். வாத்தியார் இறந்துவிட்டாராம். நான் யார் என்று சொன்னதும், எந்த அக்கா, ரெட்டைச் சடையா, கண்ணாடி போட்டவங்களா என்று விசாரித்துவிட்டு, மறுநாளே கோப்பை அனுப்பிவைத்தார். ஓர் ஆல்பத்தை நம் கைக்கு வாங்க இவ்வளவுதான் தேவைப்பட்டது.

கேட்கத் துணிவு வர ஒரு வாரம் ஆனது. இரண்டாம் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் அசையாமல் நின்ற ஒரு காலையில், கார்ச் சன்னல்களை ஏற்றிவிட்டுப் போட்டேன். அண்ணியின் குரலை நான் எடுத்த எடுப்பிலேயே கண்டுபிடித்தேன். அவர் மகளைத் தூங்கவைக்கும்போது எத்தனையோ முறை கேட்ட குரல்தான். இன்னும் மெல்லிதாக, இருபது வயதுக் குரலாக, இடப்பக்கம் கடைசியிலிருந்து வந்தது. சாவடி அதிகாரி கடவுச்சீட்டை வாங்கி என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு முடியவில்லையா என்று மலாயில் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்காக் போனேன். அண்ணன் யார் வீட்டுக்கோ வேலைக்குப் போயிருந்தார். அண்ணியைக் காலைப் பசியாறலுக்குப் பாசார் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். சந்தைக்கு வந்த சனம், எல்லா மேசையும் நிறைந்திருந்தது. வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரிந்ததால், எல்லாவற்றையும் முன்பே போனில் எழுதி வைத்திருந்தேன். பந்து விளையாடப் போனது, கேட்காமலே கேட்டேன் என்றது, சமையலறை, பாலத்து வரிசை, அவர் அமுக்கியதால் அழியவில்லை என்பது. போனை அவர் பக்கமாகத் தள்ளினேன்.

அண்ணி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். விரலால் வரி வரியாகத் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி, மேலே போய், மறுபடி படித்தார். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்பது இப்போது அவருக்குத் தெரிவதில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டபோது கடை முழுவதும் கேட்டது.

“அப்ப, அன்னிக்கு என் காது நல்லாத்தான் இருந்துச்சா?”

ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்து மேசைக் குடும்பம் பேச்சை நிறுத்தியது. நான் தலையாட்டினேன்.

“உங்களுக்கும் புகை மாதிரிதான் கேட்டுச்சா?”

மறுபடி தலையாட்டினேன். அத்தனை பேர் நடுவிலும் என் முகத்தை மறைத்துக்கொள்ள எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர். முகத்தைத் திருப்பினால் அவரிடமிருந்து பேச்சைப் பறித்ததாக ஆகும். தோசை ஆறிப்போனது. அவர் கண்கள் கலங்கவில்லை. அவர் முகத்தில் கோபம் வந்தது. முதல்முறையாக என்மீது கோபம் வந்ததை நான் பார்த்தேன். அது அங்கேயே இருந்தது, போகவில்லை.

பிறகு போனைத் தட்டிக் காட்டிக் கேட்டார். “இந்தப் பாட்டை நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“நிஜமாவே கேட்டீங்களா?”

“நிஜமாவே கேட்டேன் அண்ணி.”

“நான் எப்படிப் பாடிருக்கேன்?”

அருமையாகப் பாடியிருக்கிறீர்கள் என்ற வாக்கியம் வாய்வரை வந்துவிட்டது. அது எனக்குச் சுலபமாக வரும். அதை விழுங்கிவிட்டு, உதடுகள் தெளிவாகத் தெரியும்படி மெதுவாகச் சொன்னேன். “குரல் நல்லா இருக்கு. ஆனா ரெண்டாவது சரணத்துல ஒரு இடத்துல, மத்த ஆறு பேரும் எடுக்கிறதுக்கு முன்னாடியே நீங்க எடுத்துட்டீங்க. அது தனியாத் தெரியுது.”

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு வெளியேறியது, அவர் விரும்பாமலே. “ஆமா. அதுக்கு வாத்தியார் என்னை எல்லார் முன்னாடியும் திட்டினாரு. மறுபடி எடுக்க நேரமில்ல, வேன்காரர் கிளம்பணும்னாரு” என்றார். “அப்ப அது நான்தான்.”

போனை என் பக்கமாகத் தள்ளினார். காதொலிப்பானை நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள் என்று சைகை செய்தார். “பாட்டு ஓடும்போது அதுக்குச் சரியா வாயை அசைச்சுக் காட்டுங்க. நான் பார்க்கிறேன். என் குரல் வர்ற இடத்துல கையைத் தூக்குங்க.”

நான் மாட்டிக்கொண்டேன். நிறைந்திருந்த அந்தக் கடையில், ரொட்டிக்காரரும் பக்கத்து மேசைக் குழந்தைகளும் பார்க்க, சத்தமில்லாமல் முருகன் பாட்டுக்கு வாயசைத்தேன். சொற்கள் சில எனக்குத் தெரியாமல் தடுமாறியபோது அண்ணியின் உதடுகள் எனக்கு முன்னால் சரியான சொல்லைச் சொல்லின. அவர் விரல் மேசைமீது தாளம் போட்டது. இரண்டாவது சரணம் வந்தது. ஏழு பேரும் மூச்செடுத்தார்கள். அந்த இடத்தில் நான் கையைத் தூக்கினேன்.

பாட்டு முடிந்து கையை இறக்கியபின்னும் அவர் கண்ணை எடுக்கவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“இன்னொரு தடவை” என்றார்.